லிண்டல் மட்டம் வந்தாச்சா? பெரிய லட்சியத்தைக் கைக்கு அடங்கும் வேலைகளாக உடைக்கும் முழு வழிகாட்டி

கடலூர் செம்மண்டலத்திலோ வில்லியனூர் பக்கத்திலோ வீடு கட்டிக்கொண்டிருக்கும் யாரையாவது நிறுத்தி, "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேளுங்கள். சட்டென்று பதில் வரும். "பேஸ்மட்டம் முடிஞ்சுது." "லிண்டல் போட்டாச்சு." "அடுத்த வாரம் ரூஃப் கான்கிரீட்." மேஸ்திரிக்குப் பணமும் அந்தந்த மட்டத்தில்தான் கைமாறும். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் இறங்கும் வேலை அது. ஆனாலும் எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் திகைத்து நிற்பதில்லை. அந்த வேலையை நமக்கு முன்னாலேயே யாரோ உடைத்து வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு துண்டும் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் உத்திரம்தான் லிண்டல்; அந்த மட்டம் வந்துவிட்டதா என்று தெருவில் போகிறவரே சொல்லிவிடுவார்.

அதே ஆள் ஜனவரி முதல் தேதி டைரியில் "இந்த வருஷம் எப்படியாவது அரசு வேலை" என்று எழுதுகிறார். மாசி மகத் தீர்த்தவாரிக்கு தேவனாம்பட்டினத்தில் பார்த்து, எதுவரைக்கும் வந்திருக்கு என்று கேட்டால் "படிச்சிட்டிருக்கேன்" என்கிறார். எந்த மட்டம்? அவருக்கே தெரியாது.

கீழே வரும் எட்டுப் படிகளுக்கும் அடியில் ஒரே சோதனைதான் இருக்கிறது. அதற்குத் தெருக்காரர் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் வெட்டிய துண்டு முடிந்ததா இல்லையா என்று, உங்களை முன்பின் தெரியாத ஒருவர் பார்த்ததும் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத துண்டை இன்னும் வெட்ட வேண்டியிருக்கிறது.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். 100 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று, பென்சில், ரப்பர், கட்டத்துக்குள் எழுத இடமுள்ள மாதக் காலண்டர், சிவப்புப் பேனா. பேனாவுக்குப் பதில் பென்சில் ஏன் என்றால், முதல் மாதத்தில் மட்டும் தேதிகளை மூன்று நான்கு தடவை அழிக்க வேண்டிவரும். போன் ஆப் வேண்டாம் என்பதில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் காகிதமே நல்லது. ஆப்பில் கலர் மாற்றி, ஐகான் மாற்றி, பாதி வேலை முடிந்த திருப்தி வந்துவிடுகிறது.

படி 1: கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம். அதில் ஓர் எண், ஒரு தேதி, முடிந்ததற்கான அத்தாட்சி, மூன்றும் இருக்க வேண்டும்.

"உடம்பைக் குறைக்கணும்" என்பது போதாது. "பிப்ரவரி கடைசி ஞாயிறு காலை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 10 கிலோமீட்டரை நடுவில் நடக்காமல் ஓடியிருப்பேன், போனில் பதிவு இருக்கும்" என்று எழுதுங்கள். "பிரெஞ்சு கத்துக்கணும்" என்பதற்குப் பதில் "டெல்ஃப் ஏ2 சான்றிதழ்" (டெல்ஃப் என்பது பிரெஞ்சு மொழித் தேர்வு, ஏ2 அதன் இரண்டாம் நிலை). "நாலு காசு சேர்க்கணும்" என்பதற்குப் பதில் "24 மாதத்தில் 1,80,000 ரூபாய், தனிக் கணக்கில்".

அரசு வேலைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. வேலை கிடைப்பது காலியிடத்தையும் கட் ஆஃபையும் பொறுத்தது. இரண்டும் உங்கள் கையில் இல்லை. "குரூப் 4-ல் வேலை" என்று எழுதினால் அதைத் துண்டு போடவே முடியாது. "மூன்று மணி நேர மாதிரித் தேர்வில் 200-க்கு 170 சரியான விடை, அடுத்தடுத்து மூன்று தடவை" என்று எழுதுங்கள். இது முழுக்க உங்கள் பொறுப்பு, தெருக்காரர் சோதனையிலும் தேறும்.

ஒரு நோட்டுக்கு ஒரு லட்சியம். வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு பெரிய லட்சியத்தை இழுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் பேஸ்மட்டத்தில் விட்டுவிடுகிறார்கள்.

படி 2: பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்

தொடக்கத்திலிருந்து யோசித்தால் மனம் உடனே "எந்தப் புத்தகம் வாங்கலாம்" என்று போய்விடும். கடைசி நாளில் நின்றுகொண்டு, "இதற்கு முந்தின நாள் என்னிடம் என்ன இருந்திருக்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் நடங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ஐ எடுத்துக்கொள்வோம். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதாவது கேள்விக்கு 54 நொடி. வட்டம் கருப்பாக்கும் நேரமும் அதற்குள்தான். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. இந்தக் கணக்கைப் பார்த்ததுமே கடைசி மட்டம் எது என்று புரிந்துவிடும்: கடிகாரம் வைத்து எழுதும் முழு மாதிரித் தேர்வுகள். அதற்கு முந்தின மட்டம், மூன்று பகுதிகளையும் தனித்தனியாக நேரம் வைத்து எழுதுவது. அதற்கு முன் பொது அறிவு, அதற்கு முன் தமிழ், அதற்கும் முன் திறனறிவு. எல்லாவற்றுக்கும் அடியில் கடக்கால்: ஆணையத்தின் இணையதளத்திலிருந்து சமீபத்திய பாடத்திட்டத்தை அச்செடுப்பது, ஒரு பழைய வினாத்தாளை எந்தப் படிப்பும் இல்லாமல் அப்படியே எழுதிப் பார்ப்பது. இந்த முதல் மதிப்பெண் அசிங்கமாகத்தான் இருக்கும். மனையை அளக்காமல் கடக்கால் தோண்ட முடியாது.

திறனறிவை ஏன் முதலில் வைக்க வேண்டும்? அது சின்னப் பகுதி, எல்லை தெளிவானது, ஒருமுறை கைவந்த கணக்கு லேசில் மறக்காது. நடப்பு நிகழ்வுகளை முதலில் படிப்பது, சுவர் எழும்பும் முன் பெயின்ட் வாங்கி வைப்பது மாதிரி. தேர்வுக்குள் காய்ந்துவிடும்.

சில லட்சியங்களை வேறொருவர் ஏற்கெனவே வெட்டி வைத்திருப்பார். அந்த வெட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. பேசுவதைக் கடைசி வரை தள்ளிப்போடும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு அந்த 5 ஒரு பொறி. எனவே முதல் வாரத் துண்டுகளிலேயே வாயைத் திறக்கும் துண்டு ஒன்று இருக்கட்டும்.

மட்டங்கள் நான்கிலிருந்து ஆறு வரை போதும்.

படி 3: துண்டு போடுதல்

1981-இல் ஆல்பர்ட் பண்டுரா, டேல் ஷங்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் கணக்கில் பின்தங்கிய பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். கழித்தல் கணக்குகள் 42 பக்கம், ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் "ஒவ்வொரு அமர்வுக்கும் ஆறு பக்கம்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "ஏழு அமர்வும் முடிவதற்குள் 42 பக்கம்" என்றார்கள். வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் ஆறு ஆறாகப் போன பிள்ளைகள்தான் கணக்கை நன்றாகக் கற்றார்கள்; தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் கணக்கின் மேல் ஆர்வமும் அவர்களுக்கே கூடின.

நல்ல துண்டுக்கு நான்கு அடையாளம். ஓர் இருப்பில் முடியும், அதாவது 25 முதல் 45 நிமிடம். வினைச்சொல்லில் முடியும்: எழுது, போடு, ஓடு, கட்டு. முடிந்ததும் காகிதத்திலோ கணக்கிலோ போனிலோ ஒரு தடயம் விட்டுப்போகும். இன்னொருவர் வர வேண்டும், அனுமதிக்க வேண்டும், போன் எடுக்க வேண்டும் என்று காத்திருக்காது.

"நேரமும் வேலையும்" என்ற தலைப்பை வெட்டிக் காட்டுகிறோம். "நேரமும் வேலையும் படிக்கணும்" என்பது துண்டு கிடையாது. கீழே உள்ள நான்கும் துண்டுகள்.

முதல் துண்டு: பாடப்புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்குகளில் ஆறை, விடையைக் கையால் மறைத்துக்கொண்டு நோட்டில் போடுதல். 40 நிமிடம்.

இரண்டாம் துண்டு: இருவர் சேர்ந்து செய்யும் வகைக் கணக்கு 15. "ஒருவர் 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 18 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால்?" 12-க்கும் 18-க்கும் மீச்சிறு பொது மடங்கு 36. மொத்த வேலை 36 பங்கு என்று வைத்தால் முதலாமவர் நாளுக்கு 3 பங்கு, அடுத்தவர் 2 பங்கு, சேர்ந்தால் 5 பங்கு. 36-ஐ 5-ஆல் வகுத்தால் 7 நாளும் ஐந்தில் ஒரு பங்கும். இதே அச்சில் 15 கணக்கு போட்டால் கை தானாக ஓடும்.

மூன்றாம் துண்டு: ஆள்-நாள் கணக்கும் குழாய்-தொட்டிக் கணக்கும் சேர்த்து 15. 15 ஆள் 8 நாள் என்றால் 120 ஆள்-நாள். 10 ஆளுக்கு 12 நாள்.

நான்காம் துண்டு: பழைய வினாத்தாள்களில் இதே தலைப்பில் வந்த கணக்கு 20, கடிகாரம் வைத்து 20 நிமிடம், திருத்த இன்னொரு 20 நிமிடம். 16-க்கு மேல் சரி என்றால் தலைப்பை மூடுங்கள். குறைந்தால் முதலிலிருந்து வேண்டாம். தப்பிய கணக்குகளை மட்டும் மறுநாள் ஒரு துண்டாக்குங்கள்.

நாலு துண்டு, நாலு இருப்பு. நோட்டைத் திறந்து காட்டினால் எது முடிந்தது என்று தெருக்காரர் சொல்லிவிடுவார்.

ஓட்டத்துக்கும் இதே கதைதான். "தினமும் ஓடணும்" என்பதற்குப் பதில், முதல் வாரம்: ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, எட்டுச் சுற்று, ஆக 20 நிமிடம், வாரத்தில் மூன்று நாள். 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓட வந்தபிறகு வாரத்தின் நீளமான ஓட்டத்தை ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். நாலு வாரத்துக்கு ஒரு வாரம் குறையுங்கள். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வருவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். கடலூர் சில்வர் பீச் மணலில் ஓடுவது பார்க்க அழகு. தொடக்கக்காரருக்குச் சரிவான, காலைப் புதைக்கும் மணல் கெண்டைக்கால் தசையைப் பிடித்து இழுத்துவிடும். கெட்டித் தரையே நல்லது.

வெட்டும்போது வரும் தப்புகள்தான் இந்த முறையில் அதிகம் காலை வாரிவிடுபவை.

நேரத்தால் வெட்டுவது முதல் தப்பு. "தினமும் இரண்டு மணி நேரம்" என்றால், புத்தகத்தைத் திறந்து வைத்து ரீல்ஸ் பார்த்தாலும் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். நேரம் துண்டின் அளவாக இருக்கலாம். அதன் முடிவாக இருக்கக்கூடாது.

அடுத்தது சமமாக வெட்டுவது. 300 பக்கம், 30 நாள், நாளுக்கு 10 பக்கம். இலக்கணத்தில் புணர்ச்சி விதி பத்துப் பக்கமும் வரலாற்றுக் கதை பத்துப் பக்கமும் ஒன்றா? ஆறாவது நாள் புணர்ச்சியில் மாட்டிக்கொண்டு, ஏழாவது நாள் மொத்த அட்டவணையும் குப்பைக்குப் போகும். குரூப் 4 பாடத்திட்டத்தில் பொதுத்தமிழுக்கு அலகுவாரியாகக் கேள்வி எண்ணிக்கையே கொடுத்திருக்கிறார்கள். இலக்கணத்துக்கு மட்டும் 25. கேள்வி எவ்வளவோ, பாடம் எவ்வளவு கடினமோ, அதைப் பார்த்து வெட்டுங்கள்.

மூன்றாவது, தயாரிப்புத் துண்டுகள். டெலிகிராம் குழுவில் சேர்வது, பி.டி.எஃப். இறக்குவது, ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்வது, டைம் டேபிளுக்கு ஸ்கெட்ச் பேனாவில் கோடு போடுவது. இவை எல்லாம் தெருக்காரர் சோதனையில் ஜோராகத் தேறிவிடும் என்பதுதான் ஆபத்து. எனவே தனிச் சட்டம்: ஒரு லட்சியத்துக்குத் தயாரிப்புத் துண்டு மூன்றுக்கு மேல் கூடாது, மூன்றும் முதல் ஞாயிறுக்குள் முடிய வேண்டும்.

நாலாவது, எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிடுவது. அடுத்த இரண்டு வாரத்துக்கு மட்டும் துண்டு போடுங்கள். அதற்கு அப்பால் மட்டங்கள் மட்டும் இருக்கட்டும். பேஸ்மட்டத்தில் நிற்கும்போதே டைல்ஸ் நிறம் தேர்ந்தெடுத்தவர்கள் பிறகு மாற்றத்தான் செய்கிறார்கள்.

படி 4: மணிக்கணக்கு, பிறகு 1.6

வெட்டிய துண்டுகளை வைத்து மொத்த மணி நேரம் போடுங்கள். ஒருவர் இப்படி மதிப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திறனறிவு 12 தலைப்பு, தலைப்புக்கு நாலு துண்டு, துண்டுக்கு 40 நிமிடம்: 32 மணி. தமிழ் 100 மணி. பொது அறிவு 90 மணி. மாதிரித் தேர்வு 10, எழுத 3 மணி, திருத்த 2 மணி: 50 மணி. ஆக 272 மணி.

இது பொய்க்கணக்கு. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, எல்லா மனிதரும் போடும் கணக்கே இப்படித்தான். டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குத் திட்டமிடல் மயக்கம் என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 33.9 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். வகுத்தால் 1.6 மடங்குக்குச் சற்று மேல். உங்களிடம் பழைய அனுபவக் கணக்கு எதுவும் இல்லாதபோது இந்த 1.6-ஐயே கடன் வாங்குங்கள். 272-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 435 மணி.

இப்போது கையிருப்பு. ஒரு வாரம் எதையும் மாற்றாமல், உங்களுக்கென்று கிடைக்கும் நேரத்தை மட்டும் நோட்டில் குறித்து வாருங்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு வாரம் 11 மணி கிடைத்தால், திட்டத்துக்கு 7 மணியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதி காய்ச்சலுக்கும் காதுகுத்துக்கும். 435-ஐ 7-ஆல் வகுத்தால் 62 வாரம், கிட்டத்தட்ட 14 மாதம். 35 வாரத்தில் முடிய வேண்டும் என்றால் வாரம் 12½ மணி தேவை. "மூன்றே மாதத்தில் குரூப் 4" என்ற போஸ்டர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் சுவரிலோ வேறெங்கோ கண்ணில் பட்டால், வாரத்துக்கு எத்தனை மணி என்று மனசுக்குள் வகுத்துப் பாருங்கள்.

கணக்கு இடித்தால் வழி மூன்றே: தேதியைத் தள்ளுவது, எண்ணைக் குறைப்பது, வாரத்தில் வேறெதையாவது விடுவது. "இன்னும் கஷ்டப்பட்டுப் படிப்பேன்" என்பது நாலாவது வழியல்ல.

படி 5: காலண்டரில் மழையை முதலில் எழுதுங்கள்

வெளியூர்க்காரர் எழுதும் திட்டங்கள் நம் கரையோரத்தில் உடைந்துபோவது இங்கேதான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே கரையேறியது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது நகரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம். அந்த வாரம் யார் படிப்பார்கள், யார் ஓடுவார்கள்?

ஆகவே சிவப்புப் பேனாவில் முதலில் இவற்றைக் குறியுங்கள். அக்டோபர்–டிசம்பர் 13 வாரத்தை 8 வாரமாகவே கணக்கில் எடுங்கள். தீபாவளி வாரம், பொங்கல் வாரம் இரண்டும் பூஜ்யம். நைட் ஷிஃப்ட் வாரங்களில் புதுத் துண்டு வேண்டாம், திருப்பிப் பார்க்கும் துண்டு மட்டும். பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் காடுதான் முதலாளி. அந்த மாதங்களைப் பாதியாகப் போடுங்கள். மழை வாரத்துக்கென்று கரன்டும் இணையமும் தேவைப்படாத பத்துத் துண்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வையுங்கள். அச்செடுத்த வினாத்தாள் பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும்.

பணம் சேர்ப்பவருக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு 24 மாதத்தில் 1,80,000 ரூபாய் வேண்டும். நேராக வகுத்தால் மாதம் 7,500. ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இரண்டு ஆண்டில் நாலு மாதம் விசைப்படகு இறங்காது. நவம்பர், டிசம்பரில் கடல் பாதி நாள்தான் விடும். இரண்டு ஆண்டில் அப்படி நாலு அரை மாதம். மிச்சம் 16 முழு மாதம். முழு மாதத்துக்கு 10,000, அரை மாதத்துக்கு 5,000, தடைக்காலத்தில் பூஜ்யம் என்று போட்டால் 1,60,000-மும் 20,000-மும் சேர்ந்து கணக்கு நேராகிறது. மாதம் 10,000 என்பதும் இந்தக் குடும்பத்துக்குத் துண்டு இல்லை. வருமானம் நாள்தோறும் வருகிறது. 25 நாளுக்கு நாளொன்றுக்கு 400. மதியம் கணக்கு முடித்து, வீட்டுச் செலவுக்கு எடுக்கும் முன்பே 400 உண்டியலுக்கு. சனிக்கிழமை உண்டியல் வங்கிக்கு. தெருக்காரர் சோதனைக்கு பாஸ்புக் போதும்.

மாதாமாதம் தவணை கட்டும் அஞ்சலக ஆர்.டி. இந்தக் கணக்குக்குப் பொருந்தாது. அது ஐந்தாண்டுக் கணக்கு. மூன்றாண்டு ஆகும் முன் மூட முடியாது. தவணை தவறினால் அபராதம். தடைக்காலத்தில் எப்படியும் தவறும். ஏ.டி.எம். கார்டு வாங்காத தனிச் சேமிப்புக் கணக்கே போதும்.

படி 6: துண்டை ஓர் இடத்தில் கட்டுங்கள்

"நாளைக்குப் போடுவேன்" என்று எழுதாதீர்கள். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டதும், மாடி ரூமில், இரண்டாம் துண்டு" என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று முன்கூட்டியே கட்டிவைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் சகாக்களும் 1990-களிலிருந்து திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். முடிவெடுக்கும் வேலையைக் களைப்பு வரும் முன்பே முடித்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

இடத்துக்கு ஏற்ற துண்டு வையுங்கள். கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் புதுக் கணக்கு போட முடியாது. ரெட்டிச்சாவடி தாண்டும்போதே பேனா கை நழுவிப்போகும். அதில் நேற்றுப் போட்டதைத் திருப்பிப் பார்க்கலாம், பிரெஞ்சு ஒலிப்பதிவு கேட்கலாம். வீட்டில் டிவி சத்தம் என்றால் நூலகம். ஓடுபவர்களுக்கு, புதுச்சேரி கடற்கரைச் சாலை மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடியிருக்கும். வெயிலும் புழுக்கமும் ஏறும் முன் முடிக்க ஆறு மணிக்குள் தொடங்குங்கள். ஷூவும் துணியும் முந்தின இரவே வாசல் பக்கம்.

இடையூறுக்கும் ஒரு கட்டு போடுங்கள். "விருந்தாளி வந்தால், அன்றைய துண்டில் ஐந்தே கணக்கு, படுக்கும் முன்."

படி 7: ஞாயிறு கணக்கு, 20 நிமிடம்

வாரம் ஒருமுறை நோட்டில் மூன்று எண் எழுதுங்கள்: திட்டமிட்ட துண்டு, முடிந்த துண்டு, உண்மையில் ஆன மணி. அதற்கு மேல் டைரி எழுதத் தேவையில்லை.

பத்தில் ஏழு எட்டு முடிந்தால் அளவு சரி. பத்துக்குப் பத்து மூன்று வாரம் தொடர்ந்து முடிந்தால் துண்டு ரொம்பச் சின்னது அல்லது நீங்கள் உங்களுக்கே சலுகை கொடுக்கிறீர்கள். நாலுக்குக் கீழே போனால் அடுத்த வாரத் துண்டுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். விட்டதை எல்லாம் அடுத்த வாரத்தில் சேர்த்துவிடுவதுதான் பலரும் செய்வது. கடன் மேல் கடன் மாதிரி, மூன்றாம் வாரம் நோட்டைத் திறக்கவே கை வராது.

நாலு வாரம் ஆனதும் உங்கள் சொந்த மடங்கு தெரியும். 40 நிமிடம் என்று போட்ட துண்டு சராசரியாக 55 நிமிடம் ஆனால் உங்கள் எண் 1.4. கடன் வாங்கிய 1.6-ஐ அழித்துவிட்டு இதை எழுதி, படி 4-ஐத் திரும்பப் போடுங்கள்.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு செயல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அதே ஆய்வில் ஒரு நாள் தவறியதால் பெரிய சேதம் எதுவும் இல்லை. 22-ஆம் நாள் அலுப்பு வந்தால் உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை.

படி 8: மாட்டிக்கொண்டால்

ஒரே துண்டு மூன்று தடவை தள்ளிப்போனால் அதை நாலாவது தடவை எழுதாதீர்கள். அது பெரிதாக இருக்கும். இல்லை அதற்குள் வேறு ஆளுக்கான காத்திருப்பு ஒளிந்திருக்கும். "சாதிச் சான்றிதழ் வாங்கு" என்ற துண்டு ஏன் நகரவில்லை என்று பார்த்தால், அதற்குள் அப்பாவின் பழைய சான்றிதழைத் தேடுவது, ஸ்கேன் செய்வது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது, விசாரணைக்குக் காத்திருப்பது என்று நாலு இருக்கும். முதல் மூன்றும் உங்கள் துண்டுகள். நாலாவது துண்டல்ல, காலண்டரில் "விசாரிக்க" என்று பத்து நாள் தள்ளி ஒரு குறிப்பு, அவ்வளவே.

பீரோவின் மேல் தட்டைப் பார்த்தாலே அலுப்பு வருகிறது என்றால், அன்றைக்கு மட்டும் மூன்று நிமிடத் துண்டாக்குங்கள்: "தகரப் பெட்டியை இறக்கி மேசையில் வை." இந்த அளவு மருந்து மாதிரி, தினசரி உணவாக்கினால் 400 வரிப் பட்டியல் எழுதுவதே வேலையாகிவிடும்.

இரண்டு வாரம் முழுக்க நின்றுபோனால் பழைய பட்டியலைத் தொடர வேண்டாம். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, முடித்த கடைசித் துண்டையே ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். பழைய கை திரும்பியதும் மறுநாளுக்குப் புதிதாக இரண்டே துண்டு.

தேர்வு அறிவிப்பு தள்ளிப்போனாலோ காலியிடம் குறைந்தாலோ மட்டங்கள் மாறாது, தேதிகள் மட்டுமே மாறும். அதற்குத்தான் பென்சில். ஆனால் உங்கள் சொந்த மடங்கை வைத்துக் கணக்குப் போட்டபிறகும் தேதிக்குள் பாதிதான் வரும் என்றால், கடைசி நாள்வரை இழுக்காமல் இப்போதே முதல் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்துங்கள். 170-ஐ 150 ஆக்கலாம், 10 கிலோமீட்டரை 5 ஆக்கலாம், 24 மாதத்தை 30 ஆக்கலாம். கையில் காசு குறைந்தால் மேஸ்திரியும் மாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பியை மேலே நீட்டி விட்டுவிட்டு, கீழ்த் தளத்துக்குப் பால் காய்ச்சச் சொல்லிவிடுவார்.